ஆஸ்திரேலிய 482 விசா: இம்மிஅக்கவுன்டில் கம்பெனி ஸ்பான்சர்ஷிப்புடன் விண்ணப்பிப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி “ஸ்பான்சர் பண்றோம்” என்று சொன்னதுமே பாதி வேலை முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். வேலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 482 என்ற எண்ணால் சொல்லப்படும் இந்த விசாவுக்குப் போடவேண்டியது ஒரு விண்ணப்பம் அல்ல, மூன்று. மூன்றும் ஆஸ்திரேலிய உள்துறையின் இம்மிஅக்கவுன்ட் தளத்தில்தான் போகின்றன. முதல் இரண்டும் கம்பெனியின் பொறுப்பு, மூன்றாவது உங்களுடையது. நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், தகுதி இல்லாததால் போனவை அல்ல அவை. கம்பெனி ஒன்றைச் சொல்லியிருக்கும், விண்ணப்பதாரர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். பெயர், பதவி, வேலை விவரம், சம்பளம், தேதி இவையெல்லாம் மூன்றிலும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றியேதான்.

இந்த விசாவின் பெயர் 2024 டிசம்பர் 7 முதல் ஸ்கில்ஸ் இன் டிமாண்ட். அதற்கு முன் டெம்பரரி ஸ்கில் ஷார்ட்டேஜ், சுருக்கமாக டி.எஸ்.எஸ். பழைய பெயரில் எழுதப்பட்ட குறிப்புகள் இணையத்தில் இன்னும் கொட்டிக் கிடக்கின்றன. “இரண்டு வருட அனுபவம் கட்டாயம்” என்று எங்காவது படித்தால் அது பழைய விதி. இப்போது கடந்த 5 ஆண்டுகளுக்குள் ஒரு வருட முழுநேர அனுபவம் போதும். கட்டணமும் சம்பள வரம்பும் ஜூலை 1-ஆம் தேதிதான் வழக்கமாக மாறும். இங்கே உள்ள தொகைகள் 2025 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தவை, எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில். பணம் கட்டும் நாளில் உள்துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கம்பெனி செய்ய வேண்டியவை

முதலாவது ஸ்பான்சர்ஷிப். “நாங்கள் சட்டப்படி நடக்கும் கம்பெனி, வெளிநாட்டுப் பணியாளரை எடுக்கத் தகுதி உள்ளவர்கள்” என்று கம்பெனி நிரூபிக்கும் விண்ணப்பம் இது. கட்டணம் 420 டாலர். ஒப்புதல் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். கம்பெனிக்கு ஏற்கெனவே அந்த ஒப்புதல் இருந்தால் இந்தப் படி தேவையில்லை, காலாவதி தேதியை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நாமினேஷன். இந்தப் பதவிக்கு, இந்தச் சம்பளத்தில், இந்த நபரை எடுக்கிறோம் என்று சொல்வது. கட்டணம் 330 டாலர். அதோடு எஸ்.ஏ.எஃப் லெவி என்ற பயிற்சி நிதியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி டாலருக்குக் கீழே உள்ள கம்பெனிக்கு விசாவின் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,200 டாலர், அதற்கு மேல் என்றால் 1,800. நான்கு வருட விசா கேட்டால் சிறிய கம்பெனிக்கே 4,800 டாலர், அதுவும் முன்பணமாக ஒரே தவணையில். சில கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு மட்டும் நாமினேட் செய்வது இதனால்தான். எத்தனை வருடம் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் விசாக் காலம் அந்த எண்ணைப் பொறுத்தது.

நாமினேஷனில் அதிகம் சறுக்கும் இடம் வேலை விளம்பரம். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட, நாமினேஷன் போடுவதற்கு முந்தைய 4 மாதத்துக்குள் குறைந்தது இரண்டு விளம்பரம் வந்திருக்க வேண்டும், 28 நாள் திறந்திருக்க வேண்டும். 25 நாளில் “ஆள் கிடைத்துவிட்டது” என்று மூடிவிட்டால் அந்த விளம்பரம் கணக்கில் வராது. ஆங்கிலத்தில், பதவியும் தேவையான திறமையும் குறிப்பிட்டு, கம்பெனியின் பெயரோ ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயரோ போட்டிருக்க வேண்டும். சம்பளம் 96,400 டாலருக்குக் கீழே என்றால் விளம்பரத்தில் சம்பளமும் இருக்க வேண்டும். ஃபேஸ்புக் பதிவு செல்லாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டில் வெளியான தேதி தெரிவது அவசியம். அதை விளம்பரம் ஓடும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், முடிந்த பிறகு பக்கமே காணாமல் போய்விடும்.

பதவிக் குறியீடும் அனுபவக் கடிதமும்

ஒவ்வொரு வேலைக்கும் ஆன்ஸ்கோ என்ற பட்டியலில் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. பெரும்பாலானோர் வரும் வழி கோர் ஸ்கில்ஸ் பிரிவு. அதற்கு உங்கள் வேலை சி.எஸ்.ஓ.எல் என்ற அனுமதிக்கப்பட்ட வேலைகளின் பட்டியலில் இருக்க வேண்டும், 2024 டிசம்பரில் வந்த அந்தப் பட்டியலில் 456 வேலைகள். ஆண்டுக்கு 1,41,210 டாலர் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் ஸ்கில்ஸ் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதில் சி.எஸ்.ஓ.எல் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் ட்ரேட் எனப்படும் கைத்தொழில் வேலைகளும் ஓட்டுநர், கூலி வேலைகளும் அதில் சேராது.

குறியீட்டின் சிக்கலைச் சமையல் வேலையில் பார்த்தால் தெளிவாகப் புரியும். செஃப் 351311, குக் 351411. நம் ஊர் ஹோட்டலில் இரண்டு பேருமே “மாஸ்டர்”தான். பன்னிரண்டு வருடம் அடுப்படியில் நின்றவருக்கு முதலாளி எழுதித் தரும் கடிதம் பெரும்பாலும் இரண்டு வரி: “இவர் எங்கள் ஹோட்டலில் மாஸ்டராக வேலை பார்த்தார், நல்லவர்.” இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கேஸ் ஆபீசரால் எதையும் முடிவு செய்ய முடியாது. செஃப் என்றால் மெனு திட்டமிடுவது, சரக்கின் விலை கணக்கிடுவது, சமையலறை ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, பயிற்சி தருவது. குக் என்றால் தயாரித்துச் சமைப்பது. கம்பெனி செஃப் என்று நாமினேட் செய்திருக்க, உங்கள் கடிதம் காய்கறி நறுக்கி, பொரியல் செய்து, கிரேவி போட்டதை மட்டும் சொன்னால், அனுபவம் இருந்தும் இல்லாததாகிவிடும்.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: லெட்டர்ஹெட், பதவியின் பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் ஐந்தாறு வரிகளில், கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி எண். உள்துறை அந்த எண்ணுக்கு உண்மையிலேயே கூப்பிட்டுக் கேட்கலாம். எடுப்பவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஆன்ஸ்கோ விளக்கத்தை அப்படியே காப்பி அடித்து எழுதி வாங்காதீர்கள். வேறு வேறு கடைகளின் கடிதங்கள் வரிக்கு வரி ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வந்துவிடும். நீங்கள் செய்ததை, நீங்கள் வேலை பார்த்த இடத்தின் விவரத்தோடு எழுதச் சொல்லுங்கள்: எத்தனை பேர் அமரும் கடை, உங்களுக்குக் கீழே எத்தனை பேர்.

கடிதத்தைத் தாங்கிப் பிடிக்க வெளிச் சான்றும் வேண்டும். பேஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, ஃபார்ம் 16, பி.எஃப் பாஸ்புக், இலங்கையில் வேலை பார்த்தவர்களுக்கு ஈ.பி.எஃப் பதிவு. சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்களுக்கு இங்கேதான் கஷ்டம். இருக்கும் சான்றுகளைச் சேர்த்துக் கொடுங்கள், இல்லாததை உருவாக்காதீர்கள். பொய்யான ஆவணம் என்று கண்டுபிடித்தால் பி.ஐ.சி 4020 என்ற விதியின்படி மூன்று வருடத் தடை விழலாம், அடையாளத்தில் பொய் என்றால் பத்து வருடம். உங்களோடு சேர்ந்து விண்ணப்பித்த குடும்பமும் அதில் மாட்டிக்கொள்ளும்.

சில ட்ரேட் வேலைகளுக்கு, குறிப்பிட்ட சில நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டி.ஆர்.ஏ என்ற அமைப்பிடம் திறன் மதிப்பீடும் வாங்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டும் அந்த நாடுகளில் உண்டு. உங்கள் குறியீட்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தேவை என்றால் முதலில் அதைத் தொடங்குங்கள், மற்றவை பிறகு.

சம்பளக் கணக்கு

கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 76,515 டாலர். அதே வேலையைச் செய்யும் ஆஸ்திரேலியர் அதே ஊரில் அதைவிட அதிகம் வாங்கினால் உங்களுக்கும் அந்த அதிகமே தர வேண்டும். இந்த 76,515-க்குள் சூப்பர்ஆனுவேஷன், அதாவது ஓய்வுக்கால நிதி, சேராது. பலர் ஏமாறுவது இங்கேதான். “80,000 பேக்கேஜ், சூப்பர் உட்பட” என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் பார்க்க வரம்பைத் தாண்டியது போலத்தான் தெரியும். 12 சதவீத சூப்பரைக் கழித்தால், 80,000-ஐ 1.12-ஆல் வகுத்தால், மிஞ்சுவது 71,428. நாமினேஷன் நிற்காது. சூப்பர் உட்பட என்றால் குறைந்தது 85,697 வேண்டும்.

தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம் என்பதை டாலராக மாற்றி இந்த வரம்பில் கூட்ட முடியாது. கிடைக்குமா கிடைக்காதா என்று உறுதியில்லாத ஓவர்டைமும் அப்படித்தான். வேலை ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 38 மணி நேரம், ஆண்டுச் சம்பளம் இவ்வளவு, சூப்பர் தனி என்று தெளிவாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நாமினேஷன் படிவத்தில் உள்ள தொகையும் ஒப்பந்தத்தில் உள்ள தொகையும் ஒரு டாலர்கூட மாறக்கூடாது.

உங்கள் விண்ணப்பம், பெயரிலிருந்து

இம்மிஅக்கவுன்டை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறங்கள். ஏஜென்ட் மூலம் போனாலும், விண்ணப்பம் போன பிறகு ‘இம்போர்ட் அப்ளிகேஷன்’ வழியாக டி.ஆர்.என் எண், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து உங்கள் கணக்கிலேயே அதைப் பார்க்கலாம். டி.ஆர்.என் என்பது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தளம் தரும் அடையாள எண். ஏஜென்ட் “போட்டாச்சு” என்று வாயால் சொல்லி அந்த எண்ணைத் தர மறுத்தால், போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குத் தனித் தலைவலி. படிவத்தில் குடும்பப் பெயர், கொடுத்த பெயர் என இரண்டு கட்டங்கள். நமக்கோ இனிஷியல், அப்பா பெயர், ஒற்றைப் பெயர். விதி எளிது: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்து, கிவன் நேம் கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தால், அதைப் படிவத்தின் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரை நீங்களாக அதில் சேர்க்க வேண்டாம். வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா என்று அடுத்து ஒரு கேள்வி வரும். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், பி.எஃப்-இல் பின்னால், கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று இருப்பதையெல்லாம் அங்கே எழுதிவிடுங்கள். கம்பெனியிடமும் பாஸ்போர்ட் பக்கத்தின் நகலையே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைத் தட்டி அனுப்பினால் அவர்கள் நாமினேஷனில் வேறு மாதிரி போட்டுவிடுவார்கள்.

படிவத்தில் நாமினேஷனின் டி.ஆர்.என் கேட்கும். கம்பெனியிடம் வாங்கிப் போடுங்கள். மூன்று விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போடலாம், தடையில்லை. ஆனால் ஸ்பான்சர்ஷிப் முடியாமல் நாமினேஷன் முடியாது, நாமினேஷன் முடியாமல் விசா முடியாது. நாமினேஷன் நிராகரிக்கப்பட்டால் விசாக் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. பணம் இறுக்கமாக இருப்பவர்கள் நாமினேஷன் ஒப்புதல் வந்த பிறகு விசா போடுவதே நல்லது. அந்த ஒப்புதல் 12 மாதம் செல்லும்.

வேலை வரலாற்றில் இடைவெளி விடாதீர்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்தால் வீட்டில் இருந்தேன் என்று எழுதுங்கள், அதற்காக யாரும் விசாவை மறுப்பதில்லை. ரிலீவிங் லெட்டரில் மார்ச் 31 என்றிருந்தால் படிவத்திலும் மார்ச் 31.

ஆங்கிலத் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ் என்றால் மொத்தமும் ஒவ்வொரு பகுதியும் 5.0. வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதும் வகை ஏற்கப்படாது. தேர்வே எழுதாமல் போகவும் வழி உண்டு. உயர்நிலைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்த்து 5 வருடம் முழுநேரமாக ஆங்கில வழியில் படித்திருந்தால் போதும். இன்ஜினியரிங் நான்கு வருடம் மட்டும் காட்டினால் ஒரு வருடம் குறையும். பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆங்கில வழி என்றால் பள்ளியிலும் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள், கணக்கு நிறைந்துவிடும்.

ஆவணம் ஏற்றுவது

ஒரு கோப்பு 5 எம்.பி-க்குள், ஒருவருக்கு 60 கோப்பு வரை. கோப்பு இலவசமாகக் கிடைக்கிறதே என்று வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாக ஏற்றிவிட்டு, கடைசியில் முக்கியமானதற்கு இடமில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. ஒரே வேலைக்கான பேஸ்லிப்புகளை ஒரே பி.டி.எஃப் ஆக்குங்கள். ஸ்கேன் கலரில் எடுங்கள். கோப்புப் பெயரில் எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும், சிறப்புக் குறிகள் இருந்தால் தளம் ஏற்காது.

தமிழில் உள்ள பிறப்புச் சான்று, திருமணச் சான்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செய்தால் மொழிபெயர்ப்பாளர் தன் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி, தகுதி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். மண்டபத்துக்காரர் தந்த ரசீதும் பத்திரிகையும் துணைச் சான்றுதான், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழே முதன்மை. பதியாமல் விட்டிருந்தால் இப்போதே பதிந்துவிடுங்கள். கணவன் அல்லது மனைவிக்கும் குழந்தைகளுக்கும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துப் போடலாம். பெரியவருக்கு ஆளுக்கு 3,210 டாலர், 18 வயதுக்குட்பட்டவருக்கு 805. கிரெடிட் கார்டில் கட்டினால் 1.4 சதவீதம் கூடும். ஒருவருக்கே 3,254.94 வரும், கார்டின் வரம்பை அதற்கேற்ப உயர்த்தி வையுங்கள்.

16 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில் மொத்தம் 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் கேட்கப்படலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் இதை முதலில் தொடங்குங்கள், அங்கிருந்து வாங்க நாளாகும். மருத்துவக் காப்பீடு உங்கள் பொறுப்பு. காப்பீட்டுக் கம்பெனியிடம், காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற 8501 விசா நிபந்தனைக்கு ஏற்ற கடிதம் என்று கேட்டாலே தருவார்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு ஹெச்.ஏ.பி ஐடி என்ற அடையாள எண் வேண்டும். விண்ணப்பம் போட்ட பின் உங்கள் கணக்கிலேயே அது உருவாகும். அதை அச்செடுத்து, உள்துறை அங்கீகரித்த மருத்துவமனைக்கு பாஸ்போர்ட்டோடு போங்கள். முடிவை அவர்களே நேரடியாக அனுப்புவார்கள், உங்கள் கையில் தர மாட்டார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு ‘மை ஹெல்த் டிக்ளரேஷன்ஸ்’ படிவத்தைத் திறக்காதீர்கள். அது விண்ணப்பம் போடுமுன் பரிசோதனை செய்பவர்களுக்கானது.

போட்ட பிறகு

நிலை ‘ரிசீவ்ட்’ என்று மாதக்கணக்கில் நிற்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. ‘ஆக்‌ஷன் ரிக்வயர்ட்’ என்று மாறினால் ஏதோ கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் காலக்கெடு இருக்கும், பெரும்பாலும் 28 நாள். மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்து, கெடு முடிந்த பிறகு பார்த்தவர்களின் விண்ணப்பம் அப்படியே முடிந்துபோகிறது. வாரம் இருமுறை கணக்கைத் திறந்து பாருங்கள். கேட்டதை ஏற்றியதும் “கேட்ட தகவலைத் தந்துவிட்டேன்” என்று உறுதி செய்யும் பொத்தான் ஒன்று இருக்கும், எல்லாம் ஏற்றி முடித்த பிறகே அதை அழுத்துங்கள். பாதியில் அழுத்தினால் இருப்பதை வைத்தே முடிவு எடுத்துவிடலாம்.

தவறாக ஏதாவது பதில் தந்திருந்தால் ‘அப்டேட் அஸ்’ பகுதியில் திருத்தம் தெரிவிக்கலாம். அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்வது எப்போதும் மேல்.

பணம் கேட்டால்

ஸ்பான்சர்ஷிப் கட்டணம், நாமினேஷன் கட்டணம், எஸ்.ஏ.எஃப் லெவி, ஆளைத் தேடிய செலவு இவை எதையும் கம்பெனி உங்களிடம் வாங்கக் கூடாது. சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதும் அதே குற்றம்தான். உங்கள் விசாக் கட்டணத்தை நீங்கள் கட்டலாம், அவ்வளவே. “பதினைந்து லட்சம் கொடு, ஸ்பான்சர் ரெடி” என்பது ஆஸ்திரேலியாவில் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சட்டவிரோதம். விசாப் படிவத்திலேயே இதைக் கேட்கிறார்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தவர் பிறகு புகார் செய்யவும் பயந்து வாய்மூடி இருக்க வேண்டியதாகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. கம்பெனியின் ஏ.பி.என் என்ற வணிகப் பதிவு எண்ணை வாங்கி ஏ.பி.என் லுக்அப் தளத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு ஆலோசனை தருபவர் என்றால் குடியேற்ற ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் மாரா அமைப்பின் பதிவு எண் கேளுங்கள். உள்துறையின் உண்மையான தளங்களும் மின்னஞ்சல்களும் ‘கவ் டாட் ஏயூ’ என்றே முடியும்.

விசா வந்ததும்

பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள், மின்னஞ்சலில் கடிதம் மட்டும் வரும். விசா விவரத்தைச் சரிபார்க்கும் உள்துறையின் வீவோ தளத்தில் உங்கள் நிபந்தனைகளைப் பார்த்து அச்செடுத்து வையுங்கள். அதில் 8607 என்பதுதான் உங்கள் உயிர்நாடி. ஆஸ்திரேலியாவில் இறங்கிய 90 நாளுக்குள் வேலையில் சேர வேண்டும், நாமினேட் செய்த பதவியில், நாமினேட் செய்த கம்பெனியில். வேலை போனால் ஒரே முறையில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுவதும் சேர்த்து 365 நாள் வரை அவகாசம் உண்டு. 2024 ஜூலை 1-க்கு முன் இது வெறும் 60 நாளாக இருந்தது. ஆகவே மோசமாக நடத்தும் முதலாளியிடம் பயந்துகொண்டு கிடக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. அந்த நாட்களில் வேறு இடத்தில் வேலையும் பார்க்கலாம்.

புதிய கம்பெனி கிடைத்தால் விசாவை முதலிலிருந்து போட வேண்டாம். அதே வேலை என்றால், விசாவில் காலம் மிச்சமிருக்கும்வரை, அவர்கள் புது நாமினேஷன் போட்டு ஒப்புதல் வாங்கினால் போதும். அந்தக் கம்பெனியும் ஒப்புதல் பெற்ற ஸ்பான்சராக இருக்க வேண்டும். வேறு குறியீட்டுக்கு மாறினால்தான் புது விசா. பேஸ்லிப் ஒவ்வொன்றையும் சேர்த்து வையுங்கள். ஸ்பான்சரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு, 45 வயதுக்குள் இருந்தால், 186 என்ற நிரந்தர விசாவுக்கு நாமினேட் செய்யச் சொல்லலாம். வேறு வேறு ஸ்பான்சர்களிடம் பார்த்த மாதங்களையும் இப்போது அந்த இரண்டு வருடத்தில் கூட்டிக்கொள்ளலாம், அதை நிரூபிக்கக் கேட்கும் முதல் காகிதம் இந்தப் பேஸ்லிப்தான்.